தண்டையார்பேட்டையில் காக்காவைத் தவிர என்ன இருக்கிறது?

தண்டையார்பேட்டை ஹவுசிங் போர்டு குடியிருப்பில் மூன்றாவது மாடியில் இருக்கும் ஒரு அம்மா கேட்டிருக்கிறார். பையன் எட்டாம் வகுப்பு. ‘உங்கள் பகுதியில் வாழும் உயிரினங்கள்’ என்று பள்ளியில் எழுதிவரச் சொல்லியிருக்கிறார்கள். “எங்கள் தெருவில் காக்கா, பூனை, எலி தவிர என்ன இருக்கிறது? போன வாரம் ஒரு காக்காக் குஞ்சு கீழே விழுந்து கிடந்தது. எடுத்துவந்து பாலும் சாதமும் ஊட்டினோம், மறுநாள் செத்துவிட்டது. என்ன செய்திருக்க வேண்டும்?”

குஞ்சிலிருந்தே தொடங்குகிறேன். ஜூன் மாதத்திலும் அதையொட்டிய வாரங்களிலும் இதே மாதிரி குஞ்சுகள் தெருவெல்லாம் கிடைக்கும்.

அந்தக் குஞ்சு பெரும்பாலும் விழுந்திருக்காது, இறங்கியிருக்கும். காக்காக் குஞ்சு சரியாகப் பறக்கத் தெரியும் முன்பே கூட்டை விட்டு வெளியே வந்துவிடும். சில நாட்கள் தரையிலும் மதில்மேலும் தத்தித் தத்தித் திரியும். தாயும் தகப்பனும் பக்கத்துக் கம்பியிலிருந்து கத்திக்கொண்டே தீனி கொண்டுவந்து கொடுக்கும். உடம்பு முழுக்க இறகு முளைத்து, வால் மட்டும் குட்டையாக, வாயைத் திறந்தால் உள்ளே சிவப்பாக, துள்ளி நகர்கிற குஞ்சு என்றால் அது பறக்கப் பழகுகிறது என்று அர்த்தம். அதை வீட்டுக்குக் கொண்டுவந்தால் நாம் காப்பாற்றவில்லை, பெற்றவர்களிடமிருந்து பிரித்துவிட்டோம். நாய், பூனை, ஆட்டோ போகிற இடமாக இருந்தால் மட்டும் எடுத்து, அதே இடத்தில் உயரமான மதில்மேலோ சன்ஷேட்மேலோ மரக்கிளையிலோ வைத்துவிட்டு விலகி வந்துவிடுங்கள். எடுக்கும்போது தலைக்குக் குடை பிடித்துக்கொள்வது நல்லது. காக்கா கொத்துவது சும்மா மிரட்டல் இல்லை, மண்டையில் ரத்தம் வரும். பிறகு ஜன்னலிலிருந்து ஒரு மணி நேரம் பாருங்கள். பெரிய காக்கா வந்து வாயில் எதையாவது வைத்தால் நம் வேலை முடிந்தது.

இறகே முளைக்காத, கண் திறக்காத குஞ்சு வேறு கதை. அது நிஜமாகவே விழுந்ததுதான். கூடு எட்டினால் அதிலேயே வைக்கலாம். எட்டாவிட்டால் ஓட்டை உள்ள சின்ன பிளாஸ்டிக் கூடையில் தேங்காய் நார் போட்டு, அதே மரத்தில் முடிந்த உயரத்தில் கட்டி, குஞ்சை உள்ளே விடலாம். மனிதர் தொட்டால் தாய்ப்பறவை சேர்த்துக்கொள்ளாது என்று பாட்டிகள் சொல்வார்கள். அப்படி எதுவும் இல்லை. நம் கை பட்டது என்பதற்காகப் பறவை குஞ்சைக் கைவிடுவதில்லை.

பால், சாதம் விஷயத்துக்கு வருகிறேன். பறவைகளுக்குப் பால் செரிக்காது. பாலூட்டிகளின் குட்டிகளுக்கு மட்டும் உரிய உணவு அது. அதைவிட ஆபத்து, வாயில் தண்ணீரோ பாலோ ஊற்றுவது. பறவையின் வாயைத் திறந்து பார்த்தால் நாக்கு முடிகிற இடத்துக்குப் பின்னால், நடுவே ஒரு சின்னத் துளை திறந்து மூடிக்கொண்டிருக்கும். அதுதான் மூச்சுக்குழல். ஸ்பூனில் ஊற்றும் தண்ணீர் நேராக அதற்குள் இறங்கும். “நன்றாகத்தான் குடித்தது, திடீரென்று செத்துவிட்டது” என்று சொல்பவர்களின் குஞ்சுகளில் பல இப்படிப் போனவைதான். உண்மையிலேயே அடிபட்ட பறவை என்றால், அதாவது ரத்தம், தொங்கும் இறக்கை, பூனை கவ்விய காயம் இருந்தால், காற்றோட்டத்துக்கு ஓட்டை போட்ட அட்டைப் பெட்டியில் பழைய பருத்தித் துணி விரித்து, உள்ளே விட்டு மூடி, இருட்டான அமைதியான மூலையில் வையுங்கள். தீனி வேண்டாம், தண்ணீர் வேண்டாம், பக்கத்து வீட்டுப் பிள்ளைகளைக் கூப்பிட்டுக் காட்டவும் வேண்டாம். நேராக மருத்துவர். பூனை கவ்வியது என்றால் காயம் கடுகளவு இருந்தாலும் காத்திருக்கக் கூடாது. பூனையின் எச்சிலில் இருக்கும் கிருமியே ஒரு சிறு பறவையைக் கொல்லப் போதும்.

காக்காக் கூட்டிலிருந்து வந்த எல்லாமே காக்கா இல்லை என்பதையும் பையனிடம் சொல்லுங்கள். கறுப்பு உடம்பில் வெளிர்ப் புள்ளியும் கோடுமாக ஒரு குஞ்சு நின்று, அதற்குக் காக்கா ஊட்டிக்கொண்டிருந்தால் அது குயில். ஆண்குயில் காக்காவை வம்புக்கு இழுத்து விரட்டவிட, அந்த இடைவெளியில் பெண்குயில் முட்டையிட்டுவிட்டுப் போய்விடும். குயில் முட்டை காக்கா முட்டைக்கு முன்பே பொரிந்துவிடும், அதனால் தீனியில் முதல் பங்கும் அதற்கே. மார்ச்சிலிருந்து விடியற்காலையில் உங்கள் குடியிருப்புப் பக்கம் தொண்டை கிழியக் கூவுகிறதே, அது ஆண். பெண் கூவாது, கிக்-கிக்-கிக் என்று வெடுக்கென்று கத்தும். கண் சிவப்பு, உடம்பெல்லாம் புள்ளி. பலர் அதை வேறு ஏதோ பறவை என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

அணில் குட்டி விழுந்தாலும் இதே யோசனைதான். தாய் தேடி வரும். பகல் நேரமாக இருந்தால், திறந்த பெட்டியில் துணி போட்டு விழுந்த இடத்துக்குப் பக்கத்திலேயே வையுங்கள். தாய் வாயில் கவ்விக்கொண்டு போய்விடும். குட்டி சில்லென்றிருந்தால் முதலில் சூடு, அப்புறம்தான் உணவு. வெதுவெதுப்பான தண்ணீர் நிரப்பிய பாட்டிலைத் துணியில் சுற்றிப் பக்கத்தில் வைத்தால் போதும். குளிர்ந்த குட்டியின் வயிற்றில் எதை ஊற்றினாலும் கேடுதான்.

சரி, என்ன இருக்கிறது என்ற கேள்வி.

பையனைக் காலை ஆறு மணிக்கு மொட்டை மாடிக்குக் கூட்டிப்போங்கள். தலைக்கு மேலே அரிவாள் வடிவ இறக்கையோடு, உட்காராமல் சுற்றிக்கொண்டே இருக்கும் சின்னக் கறுப்புப் பறவைகள் உழவாரன்கள். பாலங்களின் அடியிலும் பழைய கட்டடங்களின் கூரை மூலையிலும் கூட்டமாகக் கூடு கட்டும். பறந்தபடியே பூச்சி பிடிக்கும். கம்பியில் இரட்டைவாலோடு உட்கார்ந்து காக்காவையே துரத்துவது கரிச்சான். பாதாம் மரம் இருந்தால் அதில் பொழுது சாய்ந்ததும் பழந்தின்னி வௌவால் வரும். காலையில் மரத்தடியில் கடித்துப் போட்ட காய்கள் கிடப்பதைப் பார்த்துத் தெரிந்துகொள்ளலாம். ஓட்டு வீடுகளும் பழைய குவார்ட்டர்ஸும் உள்ள பெரம்பூர் பக்கம் மரநாய் உண்டு. இரவில் கூரைமேல் தடதடவென்று ஓடினால் எல்லாம் எலி என்று நினைக்க வேண்டாம். ரயில் பாதை ஓரம் கீரி. காசிமேட்டில் ஏலம் நடக்கும் நேரத்தில் வானத்தைப் பார்த்தால் கள்ளப்பருந்துகளும், அவற்றுக்கு நடுவே வெள்ளைத் தலையும் செம்பழுப்பு உடம்புமாகக் கருடனும் வட்டமிடும். இவ்வளவு நெருக்கமாக வேட்டைப் பறவைகளைப் பார்க்கத் தென்சென்னைக்காரர்களுக்குக் கொடுத்து வைக்கவில்லை.

சிட்டுக்குருவி விஷயத்தில் வடசென்னைக்கு ஒரு பெருமை உண்டு. ‘குருவியே அழிந்துவிட்டது’ என்று நகரின் மறு பாதி புலம்பும்போது, ராயபுரத்திலும் மண்ணடியிலும் சவுகார்பேட்டையிலும் அது பாட்டுக்குக் கத்திக்கொண்டிருக்கிறது. காரணம் பெரிய மர்மம் இல்லை. பழைய சுவரில் பொந்து, மீட்டர் பெட்டிக்குப் பின்னால் சந்து, ஓட்டு இடுக்கு, மளிகை மண்டி வாசலில் சிந்திய தானியம். செல்போன் கோபுரத்தால் குருவி சாகிறது என்ற பேச்சு ஓயாமல் நடக்கிறது, அது நிரூபிக்கப்படவில்லை. கோபுரத்தின் அடியிலேயே குடும்பம் நடத்தும் குருவிகளைத் தம்புச் செட்டித் தெருப் பக்கம் யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். பழைய வீட்டை இடித்து, சந்து பொந்து இல்லாத கண்ணாடி முகப்புக் கட்டடம் எழுப்பும்போதுதான் குருவி போகிறது.

அதனால் கூட்டுப் பெட்டி வைப்பது பலன் தரும் உதவி. வடசென்னையில் கூடுகள் அறக்கட்டளை பள்ளிப் பிள்ளைகளைக் கொண்டே மரப்பெட்டிகள் செய்ய வைத்து வருகிறது. வீட்டிலும் செய்யலாம். அரை அடி நீள, அகல, உயரம், நுழைவு ஓட்டை ஒன்றேகால் அங்குலம். அதைவிடப் பெரிதாக இருந்தால் மைனா குடியேறிவிடும். ஓட்டைக்குக் கீழே உட்காரக் குச்சி வைக்காதீர்கள், அது குருவிக்குத் தேவையில்லை, காக்கா உட்கார்ந்து குஞ்சை இழுக்கத்தான் உதவும். எட்டு பத்து அடி உயரத்தில், மேற்கு வெயில் படாத சுவரில், சீலிங் ஃபேன் பக்கம் வராத இடத்தில் மாட்டுங்கள். முதல் வருடம் எதுவும் வராமல் போகலாம். வெள்ளை அரிசி மட்டும் தூவிவிட்டுக் குருவியைக் காப்பதாக நினைக்கக் கூடாது. குஞ்சுக்கு முதல் நாட்களில் புழு பூச்சிதான் சாப்பாடு. இரண்டு தொட்டிச் செடியாவது இருந்தால் பூச்சி வரும், பூச்சி வந்தால் குருவி வரும்.

எந்தத் தொட்டி என்றால் கறிவேப்பிலை என்பேன். சமையலுக்கும் ஆச்சு. இலையின் மேல்பக்கம் பறவை எச்சம் போல, பழுப்பும் வெள்ளையுமாக ஒரு துளி ஒட்டியிருக்கும். துடைக்கப் போகாதீர்கள், அது புழு. எச்சம் என்று நினைத்துப் பறவைகள் கண்டுகொள்ளாமல் போகட்டும் என்றுதான் அந்த வேஷம். நாலு முறை தோலுரித்தபின் ஒரே நாளில் பச்சைப் பசேலென்று மாறி இலையோடு இலையாகிவிடும். விரலால் மெல்லத் தொட்டால் தலைக்குப் பின்னாலிருந்து பாம்பின் நாக்கு போல இரண்டு கொம்பு வெளியே நீட்டும், ஒரு புளித்த நெடி அடிக்கும். அப்புறம் இடுப்பில் ஒரு நூலைக் கட்டிக்கொண்டு தண்டில் சாய்ந்து கூட்டுப்புழுவாகும். ஒன்றிரண்டு வாரத்தில் மஞ்சளும் கறுப்புமாக எலுமிச்சை அழகி வெளியே வரும், இல்லாவிட்டால் கறுப்பில் வெள்ளைப் பட்டையோடு அதன் உறவுக்கார வண்ணத்துப்பூச்சி. பள்ளிக் கட்டுரைக்கு இந்த ஒரு தொட்டியே போதும். தினமும் புழுவின் நீளத்தை ஸ்கேலில் அளந்து தேதி போட்டு எழுதட்டும். கூகுளில் எடுத்த மயில் படத்தை ஒட்டிக் கொடுப்பதைவிட ஆசிரியர் சந்தோஷப்படுவார். இரண்டு கிளை இலை போகும், அந்தச் செலவை ஏற்றுக்கொள்ளுங்கள்.

இனி உதவி. என்னைக் கேட்டால் வடசென்னையில் பறவைகளுக்குச் செய்யக்கூடிய முதல் உதவி தண்ணீர் வைப்பதோ தீனி போடுவதோ இல்லை. மாஞ்சா நூலை அகற்றுவதுதான்.

கோடை விடுமுறையில் வியாசர்பாடி, காசிமேடு, கொருக்குப்பேட்டை மொட்டை மாடிகளில் டீல் போடாத, அதாவது அடுத்தவர் காத்தாடியை நூலால் அறுக்கும் போட்டி போடாத, பையன்கள் குறைவு. காத்தாடி அறுந்து போனபின் கண்ணாடித் தூள் பூசிய நூல் மரத்திலும் கம்பியிலும் மாதக்கணக்கில் தொங்கும். நைலான் நூல் என்றால் மக்காது. பருந்து, காக்கா, கிளி, கொக்கு, வௌவால் என்று பறக்கிற எல்லாமே அதில் மாட்டும். இறக்கையின் தோலையும் தசைநாணையும் அறுத்துவிட்டால் அந்தப் பறவை மறுபடி பறப்பது கடினம். நைலான், செயற்கை மாஞ்சாவை 2017-இல் தேசிய பசுமைத் தீர்ப்பாயம் நாடு முழுக்கத் தடை செய்தது. சென்னை மாநகரக் காவல்துறையும் மாஞ்சா காத்தாடிக்குத் தடை போட்டிருக்கிறது. பைக்கில் போன மனிதர்களின் கழுத்தை அறுத்தபின் வந்த தடை அது. ஆனாலும் நூல் கிடைக்கிறது. காத்தாடியே விடாதே என்று பிள்ளைகளிடம் சொல்வதில் எனக்கு உடன்பாடில்லை. சாதாரணப் பருத்தி நூலில் விடட்டும், அதுவே அழகு. மாடியிலும் தெருவிலும் கிடக்கும் மாஞ்சாவை ஒரு குச்சியில் சுற்றியெடுத்து, கத்தரியால் ஒரு விரல் நீளத்துக்கு நறுக்கி, பொட்டலமாகக் கட்டிக் குப்பையில் போடுங்கள். நறுக்காமல் போட்டால் கொடுங்கையூர் குப்பைக் கிடங்கில் மேயும் கொக்கின் காலில் சுற்றிக்கொள்ளும்.

பறவை நூலில் மாட்டியிருந்தால் இழுக்கவே கூடாது, இழுக்க இழுக்க நூல் உள்ளே இறங்கும். தடித்த துண்டை முதலில் தலைமேல் போடுங்கள். கண் மறைந்தால் அதன் படபடப்பு பாதி அடங்கும். இறக்கையை உடம்போடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு, இன்னொருவர் நூலை இரண்டு பக்கமும் வெட்டட்டும். சதைக்குள் போன சுற்றை மருத்துவர் எடுக்கட்டும், நீங்கள் தொட வேண்டாம். மின்கம்பியில் தொங்கினால் மாடியிலிருந்து தொரட்டியோ இரும்புக் கம்பியோ நீட்டுவது உயிருக்கு ஆபத்து. மின்வாரியத்தின் மின்னகம் எண் 94987 94987. அதற்குச் சொல்லி இணைப்பைத் துண்டிக்க வைத்துவிட்டு, 101-இல் தீயணைப்புத் துறையைக் கூப்பிடுங்கள்.

அடுத்தது எலிப் பசை அட்டை. கடையில் சுலபமாகக் கிடைக்கும் அந்த அட்டையில் எலி மட்டும் ஒட்டுவதில்லை. பல்லி, அணில், குருவி, ஆந்தைக் குஞ்சு எல்லாம் ஒட்டும், ஒட்டியது நாள் முழுக்கத் துடித்துச் சாகும். எலி விஷமும் அப்படித்தான். விஷம் தின்று தள்ளாடும் எலியை ஆந்தை பிடித்தால் அந்த விஷம் ஆந்தைக்குள்ளும் போகிறது. நம் எலிகளை இலவசமாகப் பிடித்துக்கொண்டிருந்த ஆளை நாமே கொன்ற மாதிரி. கூண்டுப் பொறி வையுங்கள், அதைவிட முக்கியம் குப்பைத் தொட்டியை மூடி வைப்பது.

அந்த ஆந்தையைப் பற்றி இன்னும் கொஞ்சம். பழைய கிடங்குகளிலும் கோயில் கோபுரங்களிலும் வென்டிலேஷன் சந்திலும் கூகை குடியிருக்கும். முகம் இதய வடிவில் வெள்ளையாக, பார்த்தால் முகமூடி போட்டது போல இருக்கும். அதன் குஞ்சுகள் புஸ்ஸென்று சீறும். சந்துக்குள் பாம்பு என்று தீயணைப்பு வண்டியை வரவழைத்து, டார்ச் அடித்துப் பார்த்தால் மூன்று வெள்ளைப் பஞ்சு உருண்டைகள் உட்கார்ந்திருக்கும் கதை சென்னையில் அடிக்கடி நடப்பதுதான். சாக்குருவி, வீட்டில் சாவு விழும் என்று கல்லெறிவார்கள். பகலில் காக்காக் கூட்டம் துரத்திக் கீழே விழுந்த கூகை கிடைத்தால், காயம் இல்லாவிட்டால், பெட்டிக்குள் வைத்திருந்து இருட்டியபின் கிடைத்த இடத்திலேயே மாடியில் திறந்துவிடுங்கள். காக்கா தூங்கப் போயிருக்கும்.

நிஜப் பாம்பு வந்தால்? வடகிழக்குப் பருவமழையில் கால்வாய் பொங்கும்போது மணலி, வியாசர்பாடி, கொடுங்கையூர் வீடுகளுக்குள் பாம்பு வருவது புதிதில்லை. வருவதில் பெரும்பாலானவை சாரையும் தண்ணீர்ப் பாம்பும், விஷமில்லாதவை. ஓநாய்ப் பாம்பைக் கட்டுவிரியன் என்று அடித்துவிடுவார்கள். ஓநாய்ப் பாம்பின் பட்டைகள் கழுத்துப் பக்கம் பளிச்சென்று தொடங்கி வால் பக்கம் மங்கும், விரியனுக்கு நேர்மாறு. ஆனால் குனிந்து பட்டையை ஆராயும் வேலை நமக்கு வேண்டாம். அறையை மூடி, கதவடியில் துணி அடைத்து, 101-ஐக் கூப்பிட்டு, அவர்கள் வரும்வரை அது எங்கே போகிறது என்று தூரத்தில் இருந்து பார்த்தால் போதும். கடித்துவிட்டால் கட்டுப் போடாமல், கீறாமல், உறிஞ்சாமல், கடிபட்டவரை நடக்கவிடாமல் 108-இல் ஸ்டான்லி மருத்துவமனைக்குப் போங்கள். பச்சிலைக்காரரிடம் போய் வீணாகும் நேரம்தான் உயிரை எடுக்கிறது.

தண்ணீர் வைப்பவர்கள் அகலமான மண் தட்டில், இரண்டு அங்குல ஆழத்துக்கு மேல் போகாமல் வையுங்கள். நடுவில் ஒரு செங்கல்லோ கல்லோ போட்டால் தேனீயும் உட்கார்ந்து குடிக்கும். தினமும் கொட்டித் தேய்த்துக் கழுவி மாற்ற வேண்டும், இல்லாவிட்டால் கொசுவுக்குத் தொட்டில் கட்டிய மாதிரி ஆகிவிடும். புறாவுக்கு மூட்டை மூட்டையாகச் சோளம் போடுவதைப் புண்ணியம் என்று நினைப்பவர்கள் கோபித்துக்கொண்டாலும் பரவாயில்லை, அதை நிறுத்துங்கள். அதற்கு நம் உதவி தேவையே இல்லை. காய்ந்த புறா எச்சத்தின் தூசி சிலருக்கு நுரையீரலையே கெடுத்துவிடும், வயதானவர்கள் இருக்கும் குடியிருப்பில் விளையாட்டு வேண்டாம்.

பையனுக்கு ஆர்வம் ஒட்டிக்கொண்டால் ஒரு ஞாயிறு ரெட்டேரி அல்லது மாதவரம் ஏரிக்குக் கூட்டிப்போங்கள். நாமக்கோழி, நீலத் தாழைக்கோழி, முக்குளிப்பான், நீர்க்காகம் எல்லாம் கரையிலிருந்தே தெரியும். ஜனவரியில் பொங்கல் நாட்களில் பறவைக் கணக்கெடுப்பு 2015 முதல் நடக்கிறது. பதினைந்து நிமிடம் ஒரே இடத்தில் நின்று பார்த்ததை எண்ணி இ-பேர்ட் செயலியில் போட வேண்டும், அவ்வளவுதான். உங்கள் மொட்டை மாடியிலிருந்தே செய்யலாம், காக்காவையும் எண்ண வேண்டும். அதே ஜனவரியிலிருந்து ஏப்ரல் வரை திருவொற்றியூர், எண்ணூர் கரையில் பங்குனி ஆமைகள் முட்டையிட வரும். கண்டால் டார்ச், ஃபிளாஷ் அடிக்காமல் விலகி நில்லுங்கள்.

எண்ணெய் படிந்த பறவை கிடைத்தால் வீட்டில் சோப்பு போட்டுக் குளிப்பாட்ட வேண்டாம். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய் கலந்து எண்ணூர் கழிமுகத்துக்குள் போனபோது கூழைக்கடாக்கள் கறுத்துப் போய் நின்றதைப் படங்களில் பார்த்திருப்பீர்கள். எண்ணெய் படிந்த இறகு குளிரைத் தாங்காது. குளிப்பாட்டினால் இன்னும் குளிர்ந்து செத்துவிடும். அட்டைப் பெட்டியில் சூடாக வைத்து ஒப்படைத்துவிடுங்கள்.

எங்கே ஒப்படைப்பது என்றால், உங்கள் பக்கத்துக்கு அருகில் வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனை. வேளச்சேரியில் வனத்துறை அலுவலகமும் கிண்டிப் பக்கம் புளூ கிராஸும் இருக்கின்றன, தூரம்தான். போவதற்கு முன் போன் செய்துவிடுங்கள். குணமானதும் வீட்டிலேயே வைத்துக்கொள்ளலாம் என்று பையன் கேட்பான். பச்சைக்கிளி, நட்சத்திர ஆமை எதையும் வீட்டில் வளர்க்க 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் விடாது. பக்கத்து வீட்டுக்காரர் கூண்டில் கிளி வைத்திருக்கிறாரே என்றால், அதுவும் குற்றம்தான். அதை நீங்களாகத் திறந்துவிடாதீர்கள். வளர்ப்புக் கிளிக்குப் பெரும்பாலும் இறக்கையை வெட்டியிருப்பார்கள், தெருவில் இறங்கியதும் பூனைக்குத்தான் போகும். அவரிடம் பேசி வனத்துறையிடம் ஒப்படைக்க வையுங்கள்.